புட்டியின் அடிவண்டலிலிருந்து ஒரு ஈஸ்ட் வரிசை: வளர்ப்பும் மறுபயன்பாடும்

கூப்பர்ஸ் பேல் ஏல் என்ற ஆஸ்திரேலிய பீரின் புட்டியைச் சில நாட்கள் குளிர்பெட்டியில் அசைக்காமல் நிறுத்தி வைத்தால், அதன் அடியில் வெளிறிய மெல்லிய படலம் ஒன்று படிவதைக் காணலாம். அந்தப் பீரை உண்டாக்கிய ஈஸ்டின் மிச்சம் அது. அதில் ஒரு பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. 1862ஆம் ஆண்டு தாமஸ் கூப்பர் அடிலெய்டில் தொடங்கி, இன்றளவும் அக்குடும்பத்தார் நடத்திவரும் இந்த ஆலை, தன் பேல் ஏலைப் புட்டியில் அடைத்த பிறகும் ஒருமுறை நொதிக்க விடுகிறது. தொட்டியில் முதல் நொதித்தலைச் செய்த அதே வகை ஈஸ்டே புட்டிக்குள்ளும் இருக்கிறது என்பதால், ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் பலர் இந்த வண்டலிலிருந்துதான் ஈஸ்ட் வளர்க்கப் பழகுகிறார்கள். எல்லாப் புட்டிகளும் இப்படி உதவுவதில்லை. ஜெர்மனியின் கோதுமை பீர் ஆலைகள் சிலவற்றில், நொதித்த ஈஸ்டை நீக்கிவிட்டு குளிரில் நொதிக்கும் வேறு வகையான லாகர் ஈஸ்டைச் சேர்த்து அடைப்பார்கள். அந்த வண்டலை வளர்த்தால் கோதுமை பீரின் கிராம்பு மணம் வராது. கூப்பர்ஸின் வீட்டுக் காய்ச்சல் டப்பாக்களோடு வரும் உலர் ஈஸ்ட் பொட்டலமும் புட்டியில் இருக்கும் வகை அன்று.

இங்கே ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவதற்கு 1970களின் தொடக்கத்திலிருந்தே சட்டத் தடை இல்லை. காய்ச்சி வடித்து மதுவின் செறிவைக் கூட்டுவதுதான் குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கே இடம் தருவதில்லை என்பதை அங்குள்ள வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஈஸ்டைப் பிரிப்பது, வளர்ப்பது, எண்ணுவது, சேமிப்பது ஆகியவை ரொட்டி மாவு புளிக்க வைப்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டலை எடுக்கப் புதிதாக அடைத்த, மதுச்செறிவு குறைந்த புட்டிகளையே தேர்ந்தெடுத்தேன். ஆல்கஹாலும் வெப்பமும் காலமும் செல்களைக் கொல்லும் என்பதால், 4.5 சதவீதம் மதுவுள்ள பேல் ஏல், அதைவிடக் கடுமையான பீர்களைக் காட்டிலும் நல்ல தொடக்கம். 375 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டைச் சில நாட்கள் குளிர்பெட்டியில் நேராக நிறுத்தி, மேலே உள்ள தெளிந்த பீரை மெதுவாக ஊற்றி எடுத்துவிட்டு, அடியில் ஒரு விரற்கடை மட்டும் விட்டேன். புட்டியின் வாயை நெருப்பில் ஒரு நொடி காட்டிய பின், அந்த மிச்சத்தைச் சுழற்றிக் கலக்கி, முன்பே ஆறவைத்திருந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசலில் ஊற்றினேன்.

அந்தக் கரைசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் கட்டத்திற்கு லிட்டருக்கு 50 கிராம் மால்ட் பொடி என்ற கணக்கில் 200 மில்லிலிட்டர் போதும். ஹைட்ரோமீட்டரில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.020 இருக்கும். பசித்துத் தளர்ந்த செல்களைச் செறிவான சர்க்கரைக் கரைசலில் இறக்கினால், சவ்வூடு அழுத்தத்திலேயே அவற்றில் பல மடிந்துவிடும். அளவும் சிறிதாக இருக்க வேண்டும். ஏனெனில் கொஞ்சமே இருக்கும் செல்களைப் பெரிய பாத்திரத்தில் விட்டால், அவை பெருகி இடத்தைப் பிடிப்பதற்குள் காற்றிலிருந்து விழுந்த பாக்டீரியா முந்திக்கொள்ளும். கரைசலைக் கொதிக்க வைத்தால் மட்டும் போதாது. கொதிநீரின் 100 டிகிரியில் பாக்டீரியாவின் வித்துகள் தப்பிப் பிழைக்கும். இங்கேதான் நம் சமையலறைக் குக்கர் உண்மையான கருவியாகிறது: வெயிட் தூக்கும் அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவில் உள்ள குக்கரில் உள்வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், ஆய்வகத்து ஆட்டோகிளேவ் வேலை செய்வதும் 121 டிகிரியில்தான். கூம்புக் குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், வாயை அலுமினியத் தாளால் மூடி, அடியில் தண்ணீர் விட்ட குக்கரில் வைத்து, அழுத்தம் ஏறிய பின் 15 நிமிடம் விட்டு, அழுத்தம் தானாக இறங்கும் வரை திறக்காமல் இருந்தேன். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் குடுவைக்குள் இருக்கும் மால்ட் பொங்கி வெளியேறிவிடும்.

வண்டல் ஊற்றிய குடுவையை அறை வெப்பத்தில், 22 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு சுழற்று சுழற்றினால் போதும். முதல் கட்டத்தில் நுரை பொங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று நாட்களில் கரைசல் கலங்கி, அடியில் பாலேடு நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரிந்தால் அதுவே நல்ல அறிகுறி. அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து முதல் பத்து மடங்கு வரை அளவைக் கூட்டலாம். இப்போது செல்கள் தெம்பாக இருப்பதால் லிட்டருக்கு 100 கிராம் மால்ட் பொடி போடலாம், அடர்த்தி 1.037 முதல் 1.040 வரை வரும். இரண்டாம் கட்டத்திலிருந்து காந்தக் கலக்கியைப் பயன்படுத்தினேன். அது கரியமில வாயுவை வெளியேற்றி, காற்றை உள்ளே இழுத்து, செல்களைப் படியவிடாமல் வைத்திருப்பதால், சும்மா நிறுத்தி வைத்த குடுவையைவிடத் தெளிவாகவே அதிக விளைச்சல் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மேலே நின்ற கரைசலை முகர்ந்தும் ஒரு துளி சுவைத்தும் பார்க்க வேண்டும். ரொட்டி மணமும் இலேசான ஆப்பிள் மணமும் இருந்தால் தொடரலாம். வினிகரோ, மருந்து நெடியோ, வெண்ணெய் கெட்ட வாடையோ இருந்தால், எத்தனை கட்டம் கடந்திருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

இப்படி வளர்ந்த ஈஸ்டை முதலில் ஒரு எளிய வெளிர் ஏலுக்கு விட்டேன்: பேல் மால்ட், சிறிது கோதுமை மால்ட், கசப்புக்கு விக்டோரியாவில் உருவாக்கப்பட்ட பிரைட் ஆஃப் ரிங்வுட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பூட்டும் கொடிப்பூ), தொடக்க அடர்த்தி 1.048. இந்த ஈஸ்ட் வெப்பத்தை மிகவும் உணரும். 18 டிகிரியில் மென்மையான பேரிக்காய் மணம் தருவது, 22 டிகிரியைத் தாண்டினால் வாழைப்பழ மணத்தைத் தூக்கலாகக் கொடுக்கிறது. ஆகவே முதல் மூன்று நாட்கள் 18 டிகிரியைத் தாண்டவிடாமல், அதன் பிறகு 20 டிகிரிக்கு உயரவிட்டேன்.

மறுபயன்பாட்டின் தரம் சேமிக்கும் ஜாடியில் முடிவாவதில்லை, எந்தப் பீரிலிருந்து எந்த நேரத்தில் ஈஸ்டை எடுக்கிறோம் என்பதில் முடிவாகிறது என்பதே என் உறுதியான கருத்து. தொடக்க அடர்த்தி 1.060க்கு மேற்பட்ட பீரில் வேலை செய்த ஈஸ்ட் ஆல்கஹாலில் நைந்து போயிருக்கும். ஹாப்ஸ் மிகுந்த பீரில் கசப்புப் பிசின் செல்சுவரில் ஒட்டிக்கொள்ளும்; நொதித்த பின் ஹாப்ஸைப் போட்ட பீரிலோ வண்டலில் பாதி இலைத்துகளாகவே இருக்கும். கறுப்பு மால்ட் சேர்ந்த பீரின் வண்டலை வெளிர் ஏலுக்கு விட முடியாது. எதிர்த் திசையில் விடலாம். ஆகவே காய்ச்சும் வரிசையையே ஈஸ்டை மனத்தில் வைத்து அமைக்க வேண்டும்: முதலில் அடர்த்தி குறைந்த வெளிர் பீர், அடுத்து அம்பர், பின்பு கறுப்பு, கடைசியாக அந்த வண்டலோடு முடித்துக்கொள்ளும் செறிவான பீர்.

நொதித்தல் முடிந்து அடர்த்தி அசையாமல் நின்றதும், ஃபெர்மென்டர் என்னும் நொதிக்கலனை 3 டிகிரிக்குக் குளிரவைத்து, பீரை மாற்றிய அன்றே வண்டலை எடுத்தேன். வெதுவெதுப்பான வண்டலின் மேல் பீர் வாரக்கணக்கில் நின்றால், செல்கள் தம்முள் சேர்த்து வைத்த கிளைகோஜனைத் தின்று தீர்த்துவிட்டு, பிறகு தம்மையே செரிக்கத் தொடங்கும். அப்போது வரும் வாடை வேகவைத்த இறைச்சியை ஒத்திருக்கும். அடியில் சிறிதளவு பீரை விட்டு, ஃபெர்மென்டரைச் சுழற்றிக் கலக்கி, பதினைந்து நிமிடம் நிறுத்தினால், ஹாப்ஸ் துகளும் இறந்த செல்களும் புரதக் கசடும் முதலில் அமிழும். மேலே பாலேடு போல் மிதக்கும் பகுதியைத் தூய்மையாக்கிய ஜாடியில் ஊற்றிக்கொண்டேன். ஜாடிக்கும் புனலுக்கும் மூடிக்கும் பாஸ்பாரிக் அமிலக் கலவையான ஸ்டார் சான், லிட்டருக்கு 1.5 மில்லிலிட்டர். ஃபெர்மென்டரின் விளிம்பையும் குழாயின் வாயையும் துடைக்க மறக்கக் கூடாது; காய்ந்த நுரை ஒட்டும் அந்த இடங்களில்தான் வேற்று உயிர்கள் குடியிருக்கும்.

வண்டலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, வெள்ளை வெளேரென்ற ஈஸ்டை மட்டும் பிரித்துச் சேமிக்கும் முறை வீட்டுக் காய்ச்சலில் பரவலாக இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை, பிறருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஈஸ்ட் உறங்கும் பீரின் காரகாடித்தன்மை 4.2 அளவிலான பிஹெச். அதில் நான்கைந்து சதவீத ஆல்கஹாலும் லேக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாவை ஒடுக்கும் ஹாப்ஸ் அமிலமும் இருக்கின்றன. இந்த மூன்று காவலையும் அகற்றிவிட்டு, நடுநிலையான தண்ணீரில் செல்களை வைப்பது, அழகான ஜாடிக்காக ஈஸ்டின் பாதுகாப்பை இழப்பதாகும். தண்ணீருக்கு மாற்றும்போது செல்கள் சவ்வூடு அதிர்ச்சிக்கும் உள்ளாகின்றன; ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் தொற்றுக்கு ஒரு வாய்ப்பு. வண்டலில் சிறிது புரதக் கசடு கலந்திருந்தால் அடுத்த பீருக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆலைகளில் சில வேளைகளில் செய்யும் அமிலக் கழுவல் இதிலிருந்து வேறுபட்டது: பாஸ்பாரிக் அமிலத்தால் வண்டலின் பிஹெச்சை 2.0 முதல் 2.2 வரை இறக்கி, நன்கு குளிர்ந்த நிலையில் ஓரிரு மணி நேரம் வைத்து, உடனே காய்ச்சலுக்கு விடுவார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும். காட்டு ஈஸ்டைத் தொடாது. வீட்டில் ஐயத்துக்குரிய வண்டலைக் காப்பாற்ற முயல்வதைவிட, சாய்வுக் குழாயில் (சாய்த்து உறையவைத்த அகர் உள்ள சோதனைக் குழாய்) இருக்கும் தூய வளர்ப்புக்கு, அதாவது ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த ஈஸ்டுக்கு, திரும்புவதே மேல்.

எவ்வளவு வண்டல் விட வேண்டும் என்ற கேள்விக்குக் கண்மதிப்பு சரியான விடை தராது. ஏலுக்கு வழக்கமான அளவுகோல், ஒரு மில்லிலிட்டர் மால்ட் சாறுக்கு, ஒவ்வொரு டிகிரி பிளேட்டோவுக்கும் (சாற்றில் கரைந்த சர்க்கரையின் எடைச் சதவீதம்) ஏழரை இலட்சம் செல்கள். லாகருக்கு இதன் இரு மடங்கு. 1.048 அடர்த்தி என்பது ஏறத்தாழ 12 டிகிரி பிளேட்டோ. ஆகவே 20 லிட்டருக்குத் தேவை 18,000 கோடி செல்கள். இதை வண்டலின் அளவாக மாற்ற, ஒரு மில்லிலிட்டர் வண்டலில் எத்தனை செல்கள் என்பது தெரிய வேண்டும். அதற்கு 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியும், இரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் ஹீமோசைட்டோமீட்டர் கண்ணாடியும் போதும். பழைய ஆய்வகக் கருவிகள் விற்குமிடத்தில் இரண்டும் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தன. இந்தத் தொழிலில் என் புரிதலை மிக அதிகமாக மாற்றிய கருவி இதுதான்.

அந்தக் கண்ணாடியின் நடுவே ஒரு மில்லிமீட்டர் நீள அகலமும் 0.1 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட கட்டம் 25 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வண்டலை 200 மடங்கு நீர்த்துப்போகச் செய்து, நான்கு மூலைச் சதுரங்களிலும் நடுச் சதுரத்திலும் உள்ள செல்களை எண்ண வேண்டும். ஐந்திலும் சேர்த்து 120 செல்கள் இருந்தால், அதை 5ஆலும், 10,000ஆலும், 200ஆலும் பெருக்க, மில்லிலிட்டருக்கு 120 கோடி என்று வரும். அந்த வண்டலில் 150 மில்லிலிட்டர் எடுத்தால் 20 லிட்டருக்குத் தேவையான 18,000 கோடி கிடைத்துவிடும். மொட்டு விட்ட செல்லில், மொட்டு தாயின் பாதி அளவுக்கு வளர்ந்திருந்தால் மட்டுமே அதைத் தனி செல்லாகக் கணக்கிடுவது வழக்கம். எந்த விதியைக் கொண்டாலும் எப்போதும் அதையே பின்பற்ற வேண்டும். இந்த ஈஸ்ட் கொத்துக்கொத்தாகத் திரள்வதால் முதலில் எண்ணவே முடியவில்லை. திரளைப் பிணைப்பவை கால்சியம் அயனிகள் என்பதால், அவற்றைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ உப்பைச் சிறிது நீர்க்கும் தண்ணீரில் சேர்த்தபோது கொத்துகள் கலைந்து செல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

எண்ணிக்கையோடு உயிர்விகிதமும் வேண்டும். மெத்திலீன் நீலத்தின் மிக நீர்த்த கரைசலை ஈஸ்டோடு சம அளவு கலந்து சில நிமிடங்களில் பார்த்தால், உயிருள்ள செல்கள் சாயத்தை ஒடுக்கி நிறமற்று நிற்கும்; இறந்தவை அடர்நீலமாகும். பத்தில் ஒன்று நீலமானால் மேற்சொன்ன 150 மில்லிலிட்டரை 167 ஆக உயர்த்த வேண்டும். நீலத்தின் பங்கு அதைத் தாண்டும்போது இந்தச் சோதனை உண்மையைவிட நல்ல செய்தியையே சொல்லும் என்பதால், அத்தகைய வண்டலை நேரடியாக விடாமல் புதிய மால்ட் கரைசலில் மீண்டும் வளர்த்துக்கொள்கிறேன்.

சேமிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பீர் மேலே நிற்க, 1 முதல் 4 டிகிரிக்குள் வைத்தால் இரண்டு வாரம் வரை நேரடியாகவே விடலாம். ஒரு மாதத்தைத் தாண்டினால் ஸ்டார்ட்டர், அதாவது சிறிதளவு மால்ட் கரைசலில் ஈஸ்டை முன்கூட்டியே வளர்ப்பது, அவசியம். மூடியை இறுக்கக் கூடாது. மிச்சச் சர்க்கரை குளிரிலும் மெல்ல நொதிக்கும். இறுக மூடிய கண்ணாடி ஜாடி வெடித்துக் காயப்படுத்தும்.

மறுமுறை விடும் ஈஸ்டுக்குக் காற்றூட்டம் மிக இன்றியமையாதது. ஈஸ்ட் செல்சவ்வைக் கட்டத் தேவையான ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் உருவாக்க ஆக்சிஜன் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் தாய் செல் தன் ஸ்டெராலை மகளோடு பங்கிட்டுக்கொள்வதால், நொதித்தலின் முடிவில் கிடைக்கும் செல்களில் அது வற்றிப் போயிருக்கும். உலர் ஈஸ்டைத் தயாரிக்கும்போதே காற்றோட்டத்தில் வளர்த்து இந்தச் சேமிப்பை நிரப்பிவிடுவதால், அதை முதன்முறை விடும்போது காற்றூட்டாமலும் சமாளிக்கலாம். அதன் வண்டலை இரண்டாம் முறை விடும்போது அந்தச் சலுகை இல்லை. குளிர்ந்த மால்ட் சாற்றைக் குலுக்கினால் காற்றிலிருந்து லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். வழக்கமான ஏலுக்கு அது போதும். சாறு சூடாக இருக்கும்போது குலுக்குவதில் பயனில்லை.

தயிருக்கு உறைமோர் விடுவதுபோல் ஒரு பீரின் வண்டலை அடுத்ததற்கு விட்டுக்கொண்டே போனபோது, இரண்டாம் மூன்றாம் தலைமுறைகள் முதலாவதைவிட விறுவிறுப்பாக வேலை செய்தன. சுவையும் கூடுதலாகச் சீர்ப்பட்டது. பின்னால் வந்த தலைமுறைகளில் பீர் வழக்கத்தைவிட விரைவாகத் தெளிந்தது. பார்க்க அழகாக இருந்த இந்த மாற்றத்தோடு, 1.009இல் நின்றுகொண்டிருந்த இறுதி அடர்த்தி 1.013இல் நிற்கத் தொடங்கியது. சர்க்கரையில் 81 சதவீதத்தைத் தீர்த்த ஈஸ்ட் இப்போது 73 சதவீதத்தோடு நின்றுவிட்டது என்பது இதன் பொருள். காரணம் மால்ட் ஊறவைத்த வெப்பமா, ஈஸ்டா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. அதே மால்ட் சாறில் இருநூறு மில்லிலிட்டரைத் தனியே எடுத்து, தூய வளர்ப்பிலிருந்து வந்த புதிய ஈஸ்டைத் தாராளமாக விட்டு, 25 டிகிரியில் அடிக்கடி கலக்கி முழுக்க நொதிக்கவிட வேண்டும். அந்தக் குடுவை 1.009க்கு இறங்கியது; ஆகவே சாறில் குறை இல்லை. ஒவ்வொரு முறையும் விரைவில் திரண்டு அடியில் கெட்டியாகப் படிந்த செல்களே பெரும்பான்மையாக ஜாடிக்கு வந்திருக்கின்றன. வேலை முடியுமுன் படுத்துக்கொள்ளும் பண்பே தலைமுறை தோறும் தேர்வு பெற்றுவிட்டது. வண்டலின் மேலடுக்கிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. ஆலைகளும் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து தலைமுறைக்குள் தூய வளர்ப்புக்குத் திரும்பிவிடுகின்றன.

தூய வளர்ப்பு என்ற கருத்தே கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பிறந்தது. 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து பீர் ஈஸ்டை வளர்த்துக் காட்ட, அந்த ஆலை அதைப் பிற ஆலைகளுக்கும் வழங்கியது. வீட்டில் ஒற்றைச் செல்லைப் பிரிக்க அகர் தட்டு போதும். ரமலான் நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சி உறையவைக்கும் அதே பொருள்தான் அகர். 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே தன் சமையலறை அனுபவத்திலிருந்து அதைப் பரிந்துரைக்க, ஜெலட்டினை விட்டு நுண்ணுயிரியலாளர்கள் இதற்கு மாறினார்கள். 1.040 அடர்த்தியுள்ள மால்ட் கரைசலில் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் அகர்ப் பொடி சேர்த்து, குக்கரில் வேகவைத்து, தட்டுகளிலும், சாய்த்து வைத்த சோதனைக் குழாய்களிலும் ஊற்றி உறையவிட்டேன். வளையக் கம்பியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி ஆறவைத்து, முதல் ஸ்டார்ட்டரின் ஒரு துளியைத் தொட்டு, தட்டில் ஒரு மூலையில் தீற்றி, மீண்டும் கம்பியைக் காய்ச்சி அந்தத் தீற்றலைக் குறுக்கே இழுத்து, இப்படிப் படிப்படியாக நீர்க்கச் செய்தால், நான்கைந்து நாட்களில் கடைசித் தீற்றலில் தனித்தனிப் புள்ளிகள் எழும்பும்.

வட்டமாக, பாலேடு நிறத்தில், மழுமழுப்பாக இருக்கும் நடுத்தரப் புள்ளிகளையே எடுக்க வேண்டும். மிகச் சிறிய புள்ளிகள் மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருள் சிதைந்து சுவாசிக்கும் திறனை இழந்த செல்களாக இருக்கக்கூடும். அவற்றின் நொதித்தல் மந்தமாக இருக்கும், சுவையும் மாறும். டெட்ரசோலியம் உப்புக் கரைசலை அகரோடு சேர்த்துத் தட்டின் மேல் பரப்பினால் நல்ல புள்ளிகள் சிவக்கும், இவை வெள்ளையாகவே நிற்கும். ஒரே புள்ளியை நம்பாமல், ஒத்த தோற்றமுள்ள பல புள்ளிகளைத் தனித்தனிச் சாய்வுக் குழாய்களில் ஏற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் சிறு குடுவைப் பீர் ஒன்றை நொதிக்கவிட்டு, இறுதி அடர்த்தியும் மணமும் மூலப் புட்டிக்கு மிக நெருங்கிய வரிசையை வைத்துக்கொண்டேன்.

சாய்வுக் குழாய்களை 4 டிகிரியில் வைத்து, நான்கு முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றுகிறேன். நீண்ட காலத்திற்கு, இறுதிக் கலவையில் 20 சதவீதம் கிளிசரின் இருக்குமாறு ஈஸ்டைக் கலந்து, சிறு குப்பிகளில் உறைநிலையில் வைப்பதும் உண்டு. தானாகப் பனி நீக்கும் வீட்டு உறைபெட்டியில் வெப்பம் அவ்வப்போது உயர்ந்து இறங்கிச் செல்களைக் கிழிக்கும் என்பதால், குப்பிகளைத் தெர்மோகோல் பெட்டிக்குள், உறையாத ஆல்கஹால் கரைசல் அடைத்த பைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். குழாயிலிருந்து மீட்கும்போது 10 மில்லிலிட்டர், 100 மில்லிலிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஏறுகிறேன். கடைசிக் கட்டத்தில் தேவையைவிடக் கால் பங்கு அதிகமாக வளர்த்து, ஹாப்ஸ் தொடாத, பீரில் நைந்து போகாத அந்த உபரியை அடுத்த ஸ்டார்ட்டருக்கென்று குளிரில் எடுத்து வைப்பதே இப்போது என் வழக்கமான முறை. குப்பியின் மேல் வரிசை எண், தலைமுறை, எடுத்த தேதி, கடைசிப் பீரின் இறுதி அடர்த்தி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டிவிடுகிறேன்.